வாசல் வெளுக்கிறது, தூண் சாய்கிறது: கட்டட உட்புறக் கறுப்பு வெள்ளைப் படங்களில் கோளாறு கண்டு சரிசெய்தல்

படத்தைக் கணினியில் திறந்ததும் கண்ணை உறுத்துவது எதுவோ, அதைத் தலைப்புகளில் தேடி அதன் கீழே உள்ளதை மட்டும் படித்தால் போதும். மனதில் வைத்திருப்பது காவிரிப் படுகையின் கட்டடங்களை: கல் மண்டபம், முற்றம் வைத்த அக்கிரகாரத்து வீடு, தஞ்சை அரண்மனை தர்பார் கூடம் போல வளைவும் சுதையுமான இடம், தரங்கம்பாடித் தேவாலயங்கள், பழைய ரைஸ் மில். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் விளக்கு கொண்டுபோக விடமாட்டார்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் ட்ரைபாட் வைக்கவே முன்னனுமதி வேண்டும். கருவறைப் பக்கம் எந்தக் கோயிலிலும் கேமராவைத் திருப்பாதீர்கள். ஆக, வெளிச்சத்தை மாற்ற நம் கையில் மிஞ்சுவது கடிகாரமும் கதவும்தான். பாதிக் கோளாறுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

வாசல் வெள்ளையாக வெடித்திருக்கிறது, மண்டபம் கரியாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. முதலில் அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்து, வெளியே வெயிலில் கிடக்கும் தரையை ஸ்பாட் மீட்டரில் (சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) பார்த்தால் 1/400 நொடி காட்டும். உள்ளே நான்காவது தூணின் நிழல் பக்கம் 4 நொடி கேட்கும். இடைவெளி பத்தரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இது இரண்டு இடங்களின் சராசரிக்கு நடுவே உள்ள தூரம் மட்டுமே. வெளியே அதைவிட வெளிச்சமான வேட்டியும், உள்ளே அதைவிட இருட்டான மூலையும் இருக்கும். அவற்றையும் சேர்த்தால் எந்த சென்சாரும் ஒரே ஃப்ரேமில் சுத்தமாக அள்ளாது. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

நேரத்தை மாற்றுங்கள். கிழக்கு பார்த்த வாசல் 8 அடி உயரம் என்றால், சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில், அதாவது 15 டிகிரி ஏறும்போது, வெயில் உள்ளே 30 அடி வரை ஓடும். இரண்டு மணி நேரத்தில், 30 டிகிரியில், 14 அடிக்குச் சுருங்கிவிடும். தரையில் விழுந்த அந்த வெயில் விதானத்துக்கு எழும்பி மண்டபத்தையே நிரப்புவது முதல் ஒரு மணி நேரத்தில்தான். ஒன்பது மணிக்கு மேல் வந்தால் வாசற்படி மட்டும் எரியும், உள்ளே ஒன்றும் எழும்பாது. பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதால் வெயில் நடுப்பாதையிலேயே ஓடும். மார்கழியில் தென்கிழக்கே சாய்ந்து உதிப்பதால் வடக்கு வரிசைத் தூண்களில் போய் முட்டும். இரண்டும் வேறு வேறு படங்கள். எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

ஐப்பசி அடைமழை நாளும் நல்ல நாளே. வெளியே மூன்று ஸ்டாப் வரை குறைந்துவிடும். நாடகத்தனம் கொஞ்சம் குறையும், ஆனால் கல்லின் விவரம் முழுதும் கிடைக்கும்.

நேரத்தை மாற்ற வழியில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். அரை அடி நகர்ந்தால் முன்தூண் வாசலை மறைக்கும். வாசல் தெரியாமல், அதன் வெளிச்சம் மட்டும் தூணின் ஓரத்தில் கோடாக விழும். பல சமயம் இதுதான் மேலான படம்.

அதுவும் முடியாதபோதுதான் பிராக்கெட்டிங். அப்பர்ச்சரை, அதாவது எஃப் எண்ணை, தொடாமல், ஷட்டரை மட்டும் இரண்டிரண்டு ஸ்டாப்பாக மாற்றி 4 நொடி, 1 நொடி, 1/4, 1/15, 1/60, 1/250 என்று ஆறு ஃப்ரேம் எடுங்கள். ஃபோகஸ் மேனுவலில் இருக்கட்டும். இணைக்கும்போது தூண் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைவட்டம் வரும். மென்பொருளை அதன் போக்கில் இணைக்கவிட்டதன் அடையாளம் அது. இரண்டே ஃப்ரேமைத் தேர்ந்து, வாசல் பகுதியை மாஸ்க் போட்டு நீங்களே இணைத்தால் அது வராது.

வாசல் கொஞ்சம் வெளுத்தே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் கட்சி. வெளியே உள்ள தென்னை மட்டை வரை தெரிகிற மண்டபப் படம் பொய்யாகவே படும். வெள்ளை வாசல் தொந்தரவாவது, அந்த வெள்ளை, கதவு நிலையின் ஓரத்தைத் தின்றுவிடும்போதுதான். அதற்குக் காரணம் லென்ஸுக்குள் சிதறும் ஒளி. முன்னால் மாட்டிய யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். கண்ணாடியில் விரல் ரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் துடையுங்கள். நிலை பழையபடி கூராகிவிடும்.

வெள்ளை காவிப் பட்டை காணாமல் போய்விட்டது

மதில் நேரில் சுண்ணாம்பு வெள்ளையும் செங்காவியுமாகப் பளிச்சென்று இருந்தது. படத்திலோ வெறும் வெள்ளைச் சுவர். வானத்தைக் கறுப்பாக்க உதவும் சிவப்பு ஃபில்டரை, அல்லது அதைப் போன்ற ரெடிமேட் ப்ரீசெட்டை, இங்கேயும் போட்டதால் வந்த வினை. ரா ஃபைலின் சிவப்புச் சானலை மட்டும் தனியே திறந்து பாருங்கள்: காவியும் சுண்ணாம்பும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நிற்கும், பட்டை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பச்சைச் சானலில் காவி நடுச்சாம்பல். நீலச் சானலில் காவி கிட்டத்தட்டக் கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளையாகவே நிற்கும்.

எனவே கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் பலகத்தில் சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்களை இடப்பக்கம் இழுங்கள். மைனஸ் 20இல் தொடங்கி 40க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் எழும். எண்ணெய் விளக்கிலும் குண்டு பல்பிலும் நீல ஒளி மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சத்தை இழுத்துப் பெருக்கினால் இரைச்சல்தான் பெருகும். ஃபிலிமில் எடுப்பவர்கள் சிவப்பை விட்டுவிட்டு மஞ்சள்பச்சை ஃபில்டர் போடலாம், இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

வீடுகளின் ரெட் ஆக்சைடு தரைக்கும் இதே கணக்கு. சிவப்பைக் கூட்டினால் தரை வெளிறிக் கூடம் அகலமாகத் தெரியும். குறைத்தால் தரை கறுத்து, முற்றத்து வெளிச்சம் அதில் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும்.

கல் முழுவதும் கஞ்சி மாதிரி சாம்பலாக இருக்கிறது

இங்கே ஃபில்டரோ கலர் ஸ்லைடரோ உதவாது. நம் கோயில் கருங்கல்லுக்கு நிறம் என்று பெரிதாக இல்லை, எந்தச் சானலில் பார்த்தாலும் அதே சாம்பல்தான். காண்ட்ராஸ்ட் ஸ்லைடரை ஏற்றினால் அழுக்குத்தான் கறுக்கும், சிற்பம் எழாது. சிற்பத்தை எழுப்புவது ஒளி வரும் கோணம்.

தூணை நேருக்கு நேர் பார்க்கும் டியூப் லைட்தான் வழக்கமான எதிரி. பட்டி முழுக்க "உபயம்" என்று பெயர் எழுதிய நாலடி டியூப், உபயதாரர் பெயரைத் தவிர வேறெதையும் காட்டாது. பொறுப்பில் இருப்பவரிடம் பணிவாகக் கேட்டால் ஐந்து நிமிடம் அணைத்துத் தருவதுண்டு. அணைத்ததும் கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள், பிறகு பாருங்கள்: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும் பகல் வெளிச்சம், கல்லை ஒட்டி 10 முதல் 20 டிகிரி சாய்வில் வழுக்கிப்போகும் இடத்தில், விரற்கடை ஆழச் செதுக்கலுக்கும் நிழல் விழும். தாராசுரத்துக் கோயில் மண்டபத் தூண்களில் உள்ள சிறுசிறு புடைப்புச் சிற்பங்கள் இப்படித்தான் உயிர்பெறும். அங்கே தேர் போல் அமைந்த ராஜகம்பீரன் திருமண்டபம் கோயிலின் தென்பக்கம் நீண்டிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தெற்கே தாழ்ந்து போகும் வெயில் அங்கே உள்ளே நுழையும். ஆனியில் சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே நேரம் அதே இடத்தில் நின்றாலும் கஞ்சிதான் கிடைக்கும்.

வீட்டுக்குள் என்றால் வேலை சுலபம். எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் ஒன்றைச் சாத்துங்கள்.

சுண்ணாம்புச் சுவர் அழுக்காகத் தெரிகிறது

மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். மதபோதகர் சீகன்பால்கு காலத்தில், 1718இல் எழுந்த தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம் போல உள்ளே வெள்ளைச் சுவராகவே இருக்கும் இடங்களில் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கருங்கல் மண்டபத்தில் நேர்மாறு: மீட்டர் சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள், இல்லாவிட்டால் கறுத்த கல் சிமெண்டாகிவிடும்.

முற்றத்து வெயில் நினைத்த இடத்தில் விழவில்லை

"நடுமுற்றத்தில் நேராக இறங்கும் வெளிச்சம்" என்று திட்டம் போட்டு டிசம்பரில் போனால் ஏமாற்றம்தான். தஞ்சாவூர் வட அட்சரேகை 10.8 டிகிரியில் இருக்கிறது. சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருவது ஆண்டில் இரண்டே தடவை, ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும். அதுவும் 12 மணிக்கு அல்ல, 12.15 வாக்கில். அந்த நாட்களில் முற்றத்தின் அளவுக்கே ஒரு சதுர வெளிச்சம் தரையில் வெட்டி வைத்தாற்போல் கிடக்கும். சுற்றியுள்ள தாழ்வாரம் இருண்டுவிடும். கால் மணி நேரத்தில் சதுரம் நகர்ந்துவிடும், ட்ரைபாடை முன்பே போட்டு வைத்திருங்கள்.

மார்கழி நடுவில் உச்சிச் சூரியனே 56 டிகிரியில் தெற்கே நிற்கும். தாழ்வாரத்து இறவானம் (கூரை விளிம்பு) 10 அடி உயரம் என்றால் அதன் நிழல் தெற்கிலிருந்து கிட்டத்தட்ட 7 அடி நீளும். 10 அடி முற்றத்தில் வடக்கோரம் 3 அடிதான் வெயில். ஆனால் அது அப்படியே வடக்குத் தாழ்வாரத்துத் தூண்களின் அடியில் பட்டு, கூடத்துக்குள் கீழிருந்து மேலாக எழும்பும். ஜூனில் வடக்கு இறவானத்தின் நிழல் 2 அடியோடு நின்றுவிடும். மர வேலைப்பாடு பார்க்க மார்கழி, வடிவம் பார்க்கச் சித்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்கள் உள்நோக்கிச் சாய்கின்றன

கேமராவை அண்ணாந்து பிடித்ததன் விளைவு. சென்சார் செங்குத்தாக இருந்தால் தூணும் செங்குத்தாக இருக்கும், அவ்வளவுதான் சூத்திரம். 10 அடி உயர மண்டபத்தில் கேமராவை 5 அடியில் வைத்து ரசமட்டம் பார்த்தாலே தீர்ந்துவிடும். தர்பார் கூடமும் தேவாலயமும் அப்படி அடங்காது. ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்த முடிவது) இருந்தால் மேலே நகர்த்துங்கள். இல்லையென்றால் கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி, மட்டமாகவே வைத்து எடுத்து, கீழே வரும் வெறுந்தரையை வெட்டிவிடுங்கள்.

மென்பொருளில் நிமிர்த்துவதானால் நாலு பக்கமும் 15 சதவீதம் கூடுதலாக விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது மேல்பாதி இழுபட்டு, போதிகையும் (தூணின் தலைப்பகுதி) விதானமும் மென்மையாகிவிடும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். எதை வைத்து நிமிர்த்துவது? பழைய வீட்டுத் தேக்குத் தூண் நிஜமாகவே சாய்ந்திருக்கலாம். கல் தூண் மேலே போகப் போகச் சிறுத்திருக்கலாம். அதைச் செங்குத்தாக்கினால் கட்டடம் முழுதும் மறுபக்கம் சாயும். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமுக்குள் ஓர் இடத்தில் தொங்கவிட்டு ஒரு படம், எடுத்துவிட்டு ஒரு படம். முதல் படத்தின் நூலை வைத்துத் திருத்தி, அதே அளவை இரண்டாவதற்குப் போடுங்கள்.

இடவல சமச்சீர் பிசகுவதும் இதன் தம்பிதான். நடுவில் நிற்பதாக நினைத்திருப்பீர்கள், இரண்டங்குலம் தள்ளி நின்றிருப்பீர்கள். தரைக்கல் இணைப்புக் கோடு ஒன்றை ட்ரைபாடின் நடுத்தண்டுக்கு நேராகக் கொண்டுவந்து, கடைசி நிலையின் இருபுறமும் தெரியும் சுவர் அகலம் சமமா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய சோக் டியூபும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். சைலண்ட் ஷட்டரில் எடுத்தால் அந்த மினுக்கல் வரிவரியாகப் பதியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/25 வையுங்கள். அதற்கும் அடங்காத விளக்கை அணைக்கச் சொல்வதே வழி.

கூர்மை இல்லை

நூறு சதவீதம் பெரிதாக்கி, எந்த மாதிரி மங்கல் என்று முதலில் பிரியுங்கள்.

எல்லாம் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் அது ஆட்டம். மேல்மாடியின் பலகைத் தரையில் யாராவது நடந்தாலே ட்ரைபாட் ஆடும். நடமாட்டம் நின்று பத்து நொடி கழித்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். ட்ரைபாடில் வைத்ததும் ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) அணையுங்கள். ட்ரைபாடுக்கு அனுமதி இல்லாத இடத்தில் துண்டை மடித்துத் தூணில் வைத்து, கேமராவை அதன்மேல் அழுத்தி, ஐந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது தேறும். காவலர் ஒப்புக்கொண்டால், ஒரு கிலோ அரிசி போட்ட துணிப்பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவை அமர்த்தலாம். ஒரு நொடி வரை அசையாது.

முன்தூண் கூர், பின்சுவர் மங்கல் என்றால் ஆழம் போதவில்லை. ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் ஃபோகஸை 2.4 மீட்டரில் வையுங்கள், 1.2 மீட்டரிலிருந்து கடைசி வரை கூராக வரும். 16 மி.மீ.யில் 1.1 மீட்டர் போதும்.

எல்லாமே ஒரே சீராக லேசாக மங்கியிருந்தால் எஃப் 22 வைத்திருப்பீர்கள். எஃப் 8க்கும் 11க்கும் நடுவே நில்லுங்கள்.

பனிமூட்டம் போட்ட மாதிரி வெளிறியிருக்கிறது

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ எடுத்துவந்த லென்ஸ் இங்குள்ள ஈரக்காற்றில் வேர்க்கும். துணியால் துடைத்துத் துடைத்துப் பயனில்லை, உள்கண்ணாடியும் வேர்த்திருக்கும். பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் வெளியே வையுங்கள்.

மங்கல் தீரவே இல்லையென்றால் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். ஆற்றுப் படுகை ஊர்களில் லென்ஸைத் தோல் பையிலோ பீரோவிலோ வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் உள்ள டிரை கேபினட், அது கட்டுபடியாகாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்.

ஒளிக்கற்றை வேண்டும் என்று சாம்பிராணிப் புகைக்குக் காத்திருந்தும் படத்தில் வெறும் வெளிறல்தான் வந்தது என்றால், நின்ற இடம் தப்பு. புகைத் துகள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறும். வெளிச்சம் உங்களை நோக்கி வரவேண்டும், கற்றைக்குப் பின்னால் இருட்டுச் சுவர் இருக்கவேண்டும். ரைஸ் மில்லில் தவிட்டுத் தூசி இதைத் தானே செய்துதரும். ஆனால் அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். சென்சாரில் தூசி ஒட்டிவிடும், பிறகு எஃப் 16இல் எடுக்கும் ஒவ்வொரு வெள்ளைச் சுவரிலும் சாம்பல் பொட்டு இருக்கும்.

நிழலில் மணல் தூவியிருக்கிறது

டிஜிட்டலில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: குறைவாக வெளிச்சம் கொடுத்துவிட்டுப் பிறகு தூக்கியது. ஐஎஸ்ஓ 1600இல் சரியாக எடுத்த படம், ஐஎஸ்ஓ 400இல் இருட்டாக எடுத்துத் தூக்கிய படத்துக்கு ஒருபோதும் இளைத்ததில்லை. ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலக்கோடி முட்டாத அளவுக்கு வலப்பக்கம் தள்ளி எடுங்கள், கறுப்பைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். மணலாக இல்லாமல் அங்கங்கே வெள்ளைப் புள்ளி என்றால் அது சூடேறிய சென்சார். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பைப் போடுங்கள்.

ஃபிலிமில் நிழல் வெறுமையாக இருந்தால் நீண்ட நேரத்துக்கான திருத்தத்தை மறந்திருப்பீர்கள். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்ஸில் மீட்டர் 10 நொடி சொன்னால் 20 கொடுக்கவேண்டும், 30 சொன்னால் 85 வாக்கில். கோடக் ட்ரை எக்ஸ் இன்னும் பசிக்காரன், 10 நொடிக்கு 50 கேட்பான். ஜன்னலும் ஃப்ரேமில் இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்து, டெவலப்பரில் கழுவும் நேரத்தை 20 சதவீதம் குறையுங்கள்.

நெகட்டிவ் மொத்தமும் அடர்ந்து கறுத்திருந்தால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். ஐடி 11 டெவலப்பர், தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தது, எச்பி5 பிளஸ்ஸுக்கு 13 நிமிடம் என்பது 20 டிகிரிக்கு. 24 டிகிரியில் 9 நிமிடம் போதும். அதற்கு மேல் சூட்டில் கழுவாதீர்கள். பேசினில் ஐஸ் போட்டு பாட்டில்களை நிறுத்துங்கள், கடைசிக் கழுவும் தண்ணீரையும் சேர்த்து. குளிர்ந்த ஃபிக்ஸரிலிருந்து எடுத்து நேரே குழாய்த் தண்ணீரில் போட்டால் எமல்ஷன் சுருங்கி, தரை வெடித்த வயல் மாதிரி ஆகிவிடும்.

திரையில் நன்றாக இருந்தது, பிரிண்டில் இருட்டாகிவிட்டது

மானிட்டர் வெளிச்சம் அதிகம். 80 முதல் 100 கேண்டெலா அளவுக்கு இறக்குங்கள். அளக்கும் கருவி இல்லையென்றால், வெள்ளைத் தாளை ஜன்னலோரம் பிடித்து, திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் அதைவிட எரியாத வரை குறையுங்கள். மேட் காகிதம் பளபளப்புக் காகிதம் அளவுக்குக் கறுக்காது. அதில் அடிப்பதானால் தூணின் நிழல் பக்கத்தை அரை ஸ்டாப் தூக்கிக் கொடுங்கள். முழுப் படத்தையும் அடிக்கும் முன், வாசலோரமும் இருண்ட மூலையும் சேர்ந்து வரும்படி ஓர் அங்குலப் பட்டையை வெட்டி, கால் ஸ்டாப் வித்தியாசத்தில் நான்கு அடித்துப் பாருங்கள். இங்க் ஒரு நாள் காய்ந்தபின், படம் எந்தச் சுவரில் மாட்டப்போகிறதோ அங்கே வைத்து, அங்குள்ள விளக்கைப் போட்டு, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.